குறுக்கனைக் கூப்பிடும் பெட்டியை நான் கொண்டு வர மாட்டேன்

முதலிலேயே சொல்லிடறேன். லீவுக்கு ஊருக்கு வரும்போது என் சூட்கேஸில் அந்தப் பெட்டி இருக்காது. கேட்டது ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. பாறசாலையில் சித்தி மகன், பனச்சமூட்டில் மாமா மகன், நெய்யாற்றின்கரையில் கூடப் படித்த ரெண்டு பயல்கள். "அண்ணே, நீங்க அங்க கயோட்டி வேட்டைக்குப் போறீங்களாமே, அந்தச் சத்தம் போடுற பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வாங்க, இங்க குறுக்கனையும் பன்னியையும் ஒரு வழி பண்ணிடலாம்." எல்லாருக்கும் ஒரே பல்லவி. தனித்தனியா போனில் பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால் இங்கே மொத்தமா எழுதி வைக்கிறேன். படிச்சுட்டுத் திட்டுறவங்க திட்டலாம்.

எங்க ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்றைய மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அப்படிக் கிடைக்காமல் போன தாலுகாவில் கிடக்கிறோம் நாங்கள். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். நீங்கள் குள்ளநரி என்று சொல்கிற ஜீவன் எங்களுக்குக் குறுக்கன். பனச்சமூடு சந்தையில் ஒரு கடையில் மீன் வாங்கி எதிர்க்கடையில் தேங்காய் வாங்கினால் ரெண்டு மாநிலத்துக்கு வியாபாரம் பண்ணிய புண்ணியம் உண்டு.

கயோட்டி என்பது அமெரிக்காவின் குறுக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் ஓநாய்ச் சாயல், புத்தி ரொம்பவே அதிகம்.

நான் இருக்கிற டெக்ஸாஸில் கயோட்டியைச் சுட சீசன் கிடையாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. வருஷம் முழுக்கச் சுடலாம். ஆனால் வேட்டை லைசென்ஸ் வேணும். 1971 செப்டம்பர் 2-க்குப் பிறகு பிறந்தவன் என்றால் வேட்டைக் கல்வி என்று ஒரு பாடமும் முடிக்கணும். இதில் நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு வேடிக்கை இருக்கு. ஹெச்-1பி மாதிரி விசாவில் வந்தவன் அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விதிவிலக்கு! கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறவனுக்குத் துப்பாக்கி மட்டும் சீக்கிரம் கிடைச்சுடும். இதைக் கேள்விப்பட்டதும் டாலஸ் பக்கம் நம்ம மக்கள் சிலருக்குத் திடீரென்று வேட்டை ஆர்வம் பொங்கி வழிகிறது. போகட்டும்.

என் டீமில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் பாடம் துப்பாக்கி இல்லை, காற்று. வெளிச்சம் வருவதற்கு முன்னால் போய், புதருக்கு முன்னால் நிழலில் உட்காரணும். புதருக்குப் பின்னால் ஒளிந்தால் நமக்கே எதுவும் தெரியாது. காற்று நம் முகத்திலோ பக்கவாட்டிலோ அடிக்கணும். பெட்டியை நம்மை விட்டு முப்பது நாற்பது கஜம் தள்ளி வைக்கணும், வருகிறதன் கண் அந்தப் பக்கமே இருக்கும். பெட்டியில் ஒலிப்பது பெரும்பாலும் கயோட்டியின் குரலே இல்லை. முயல் ஒன்று பல்லில் மாட்டிச் சாகும்போது அலறுமே, அந்த அலறல். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஜனவரி, பிப்ரவரியில் இணை சேரும் காலத்தில் ஊளைச் சத்தம் போடுவார்கள், இன்னொரு ஆள் நம்ம எல்லைக்குள் வந்துட்டானா என்று பார்க்க வரும். பெட்டி இல்லாதவர்கள் வாயில் வைத்து ஊதுகிற ஊதலாலேயே இத்தனையும் செய்கிறார்கள். பெரியவருக்கு ஊதல்தான் பிடிக்கும், பெட்டி சோம்பேறிகளுக்கு என்பார்.

கயோட்டி காதால் கேட்டு வரும், மூக்கால்தான் நம்பும். நேரே ஓடி வரும் என்று நினைத்தவன் ஏமாந்தான். அரை வட்டம் அடித்து, காற்று போகிற பக்கமாப் போய் நின்று, மோந்து பார்க்கும். மனுஷ வாடை ஒரு துளி வந்தால் போதும், திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அடுத்த தடவை அதே சத்தத்தைக் கேட்டால் அது வராது. ஒரு தடவை ஏமாந்த கயோட்டி பாடம் படித்த கயோட்டி. அதனால் ஒரு இடத்தில் பதினைந்து இருபது நிமிஷம் கல் மாதிரி உட்கார்ந்திருந்து, எதுவும் வராவிட்டால் சத்தம் இல்லாமல் எழுந்து அடுத்த இடம்.

முதல் நாள் ஏழு இடம் மாறினோம். ஒன்றே ஒன்றுதான் வந்தது, எங்களுக்குப் பின்பக்கமாக. பெரியவர் துப்பாக்கியைத் தூக்கினார், பார்த்தார், இறக்கிவிட்டார். அது நின்ற நேர்கோட்டில், ரொம்பத் தூரத்தில், ஒரு தோட்டவீட்டின் கூரை தெரிந்தது. ".22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகும், பின்னால் மண்மேடு இல்லாத மிருகத்தைச் சுடாதே" என்றார். வேட்டைக் கல்விப் பாடத்தில் முதல் சில பக்கங்களில் இருக்கிற விஷயம்தான். குறியைத் தெரிந்துகொள், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்.

இப்போ பாறசாலைக்கு வா மக்கா. உதியன்குளங்கரையிலோ காரக்கோணத்திலோ குன்னத்துகாலிலோ ஒரு விளையில் நில்லு. சுற்றிப் பார். கூரை தெரியாத திசை எது? ஒன்றைக் காட்டு, பெட்டியை நானே கூரியரில் அனுப்பறேன்.

இது ஒரு காரணம். இது மட்டும் என்றால், "அண்ணே நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிவிடுவான். எனக்குக் கோபம் அதற்கடுத்த விஷயத்தில்தான். சுட்டால் குறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கே, அதில்.

கயோட்டியைச் சுட்டு ஒழிக்க அமெரிக்கா நூறு வருஷத்துக்கு மேலாக முயற்சி பண்ணியாச்சு. விஷம் வைத்தார்கள், 1972-ல் நிக்சன் அரசு நிலங்களில் அந்த விஷங்களைத் தடை செய்கிறவரைக்கும். பொறி வைத்தார்கள். விமானத்தில் இருந்து சுட்டார்கள். இன்றைக்கும் விவசாயத் துறையின் கீழ் இருக்கிற வனவிலங்குப் பிரிவு மட்டும் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கொல்கிறது. தனியார் சுடுவது தனிக் கணக்கு. விளைவு? மேற்கே புல்வெளியில் கிடந்த மிருகம் இன்றைக்கு ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கு. நியூயார்க் நகரத்துப் பூங்காவிலும் இருக்கு.

ஏன் என்பதற்கும் பதில் இருக்கு. டெக்ஸாஸில் ஃப்ரெட் நோல்டன் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதியது: கயோட்டி நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக நாலு குட்டிக்குக் கொஞ்சம் மேல், சுட்டுக் குறைத்த இடத்தில் ஏழு குட்டியை ஒட்டி. இடமும் இரையும் கூடுதலாகக் கிடைத்தால் கூடுதலாகப் போடுகிறது, போட்டது கூடுதலாகப் பிழைக்கிறது. 1975-ல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரண்டு பேர் கலிபோர்னியாவில் ஒரு மாதிரிக் கணக்கு போட்டார்கள். வருஷா வருஷம் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றாலும், முழுசா ஒழிய ஐம்பது வருஷம் ஆகும் என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியும் காபி பிளாஸ்க்கும் தூக்கிப் போகிற என்னைப் போன்றவன் எழுபத்தைந்து சதவீதத்தின் எந்த மூலை? சுடுவது பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். "விவசாயிக்கு உதவி பண்றோம்" என்று மீசையை முறுக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும்.

இதை இங்கேயும் பல மாநிலங்கள் புரிந்துகொண்டன. யார் அதிகம் சுடுகிறார் என்று பரிசு வைத்து நடத்துகிற போட்டிகளை 2014-ல் கலிபோர்னியா தடுத்தது, 2018-ல் வெர்மாண்ட், 2019-ல் நியூ மெக்சிகோ, இப்படியே வரிசையாக. டெக்ஸாஸில் இன்னும் நடக்கிறது, அது வேற கதை.

வெறிநோய் பற்றியும் ஒரு வார்த்தை. குறுக்கன் கடித்தால் பேய்நோய் வரும் என்று பயம் காட்டுகிறீர்கள். பயம் நியாயம். 1988-ல் தெற்கு டெக்ஸாஸில் கயோட்டிகளுக்கு நாய்களிடமிருந்து வெறிநோய் பரவியது. அவ்வளவு துப்பாக்கி இருக்கிற மாநிலம் என்ன செய்தது தெரியுமா? 1995 முதல், தடுப்புமருந்து வைத்த தீனியை விமானத்தில் இருந்து கொட்டியது. நாய்களிடையே பரவும் அந்த வகை வெறிநோய் ஒழிந்துவிட்டது என்று 2007-ல் அறிவித்தார்கள். துப்பாக்கியால் ஆகாதது தீனியால் ஆச்சு.

சரி, நம்ம குறுக்கன். அது பாதுகாக்கப்பட்ட மிருகம். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, துரத்துவது, இரை காட்டி இழுப்பது, இதில் எதையாவது செய்ய முயற்சிப்பது எல்லாமே வேட்டைதான். பெட்டியை வைத்து முயல் அலறல் போட்டு உட்கார்ந்தாலே வனத்துறைக்காரர் வந்து கூட்டிப் போகலாம். ஜாமீனுக்கு நான் டாலர் அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன்.

சட்டத்தை விடு. குறுக்கன் அப்படி என்ன செய்துவிட்டது? கோழி தூக்கிச்சு. சரி, ராத்திரி கோழிக்கூட்டுக்குக் கதவு போடு, கீழே கம்பி வலை அடி, தீர்ந்தது. மற்றபடி அது தின்பதில் பெரும்பங்கு எலி. மரச்சீனி மூட்டில் எலி பண்ணுகிற வேலையை உங்களுக்கு நான் சொல்லணுமா? 2024-ல் வெளியான ஒரு ஆய்வு கேரளம் முழுக்க இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் குறுக்கன்தான் இருக்கும் என்று மதிப்பிட்டது, அதிலும் காப்புக்காட்டுக்குள் இருப்பது ரொம்பக் கொஞ்சம். மிச்சம் எல்லாம் நம்ம தென்னந்தோப்பிலும் ரப்பர் விளையிலும்தான். பன்றிக்குட்டி கிடைத்தாலும் அது விடாது. அதற்காகக் குறுக்கன் இருந்தால் பன்றி ஒழிந்துவிடும் என்று கதை விட நான் தயாரில்லை. ஆனால் பன்றிக்கு எதிராக நமக்கு இருக்கிற நாலு பல்லையும் நாமே பிடுங்கிப் போடுவது என்ன புத்தி?

குறுக்கனைக் கூப்பிடுவதற்கு அமெரிக்காவில் இருந்து பெட்டி வரணும் என்று நினைப்பதே ஒரு அவமானம், ஒரு விதத்தில். 1909-ல் வெளியான தன் பெரிய தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன், குருவிக்காரர்கள் நரி மாதிரியே குரல் கொடுத்து நரியை வரவைத்துப் பிடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். நாம் நரிக்குறவர் என்று சொல்கிற அதே ஜனங்கள். வீட்டுக்குள் வாக்ரிபோலி பேசுகிறவர்கள், அந்த மொழிக்கு எழுத்து கிடையாது. காற்று, தடம், வாடை, குரல் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள். 1972 சட்டம் வந்ததும் அவர்கள் தொழில் குற்றம் ஆச்சு. குற்றம் ஆக்கினது சரியா தப்பா என்று நான் இங்கே வழக்காடவில்லை. ஆனால் அந்த அறிவை வைத்துக்கொண்டு அரசாங்கம் ஒரு வேலை கொடுத்திருக்கலாமே, ஒருத்தருக்காவது தோன்றியதா? பாசிமணி விற்க வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினோம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆச்சு. தெரிந்தவனை உட்காரவைத்துவிட்டு இப்போ தெரியாதவன் எல்லாம் "எப்படிண்ணே கூப்பிடணும்" என்று எனக்குப் போன் பண்ணுகிறான். கொடுமைடா சாமி.

இனி பன்றி. இங்கே நான் உங்க கட்சி, சந்தேகமே வேண்டாம்.

வெள்ளறடை பக்கத்து எங்க அம்மா வழி விளையில் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் சேனையும் இருந்தது. ஓணத்துக்குக் குலை வெட்டலாம் என்று பார்த்திருந்த வாழையை ஒரே ராத்திரியில் மூடோடு சாய்த்துவிட்டுப் போயிருக்கு. சேனையைத் தோண்டித் தின்னது தின்னது போக, தின்னாததையும் புரட்டிப் போட்டிருக்கு. நஷ்டஈடு கேட்டு ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்து, படம் எடுத்துக் கொடுத்து, மறுபடி வேறு படிவத்தில் எழுதிக் கொடுத்து, மாமா கடைசியில் சாகுபடியையே விட்டுவிட்டார். இப்போ அந்த விளை காடு. அந்தக் காட்டில் பன்றி. பக்கத்து விளைக்காரனுக்கு நாங்கள்தான் எதிரி. ரப்பர் விலை விழுந்து வெட்டாமல் போட்ட தோட்டம் ஒவ்வொன்றிலும் இதே கதைதான். திருவனந்தபுரத்தில் பிளாட்டில் உட்கார்ந்துகொண்டு "காட்டை நீங்கள் பிடித்தீர்கள், அதனால் பன்றி வருகிறது" என்று எழுதுகிற புண்ணியவான்களே, அது காட்டிலிருந்து வரவில்லை. எங்கள் ரப்பர் விளையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போடுகிறது. நெய்யாறு சரணாலயத்தை அது கண்ணால் கண்டிருக்காது.

ஆகவே பன்றியைக் கொல்லணும். மாதவ் காட்கில் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலைக்காகப் பேசின ஆளே, ஒழுங்குபடுத்திய வேட்டையை அனுமதிக்கணும் என்று எழுதியும் பேசியும் வந்தார். யார் கொல்வது, எப்படிக் கொல்வது என்பதில்தான் நான் உங்களோடு சண்டை போடுகிறேன்.

2022 மே மாதம் கேரள அரசு ஒரு உத்தரவு போட்டது. பஞ்சாயத்துத் தலைவர், நகரசபைத் தலைவர், மேயர் எல்லாருக்கும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் பதவி. தொந்தரவு செய்கிற பன்றியைச் சுட அவர்களே உத்தரவு தரலாம். சுடுகிறவர் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்து, பட்டியலில் பெயர் இருக்கணும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. செத்ததைப் புதைக்கணும், தின்னக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்க பக்கம் எனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் அறுபது தாண்டியாச்சு. ஒருத்தருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி. லைசென்ஸ் இருப்பது சுடத் தெரியும் என்பதற்கு அத்தாட்சியா? டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லாரையும் நம்பி கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸைக் கொடுப்பீர்களா? இதில் தேர்தல் வந்தால் துப்பாக்கி எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். பன்றிக்கு நடத்தை விதி கிடையாது, அது பாட்டுக்குத் தோண்டும்.

ரெண்டு அடி தள்ளி, பளுகல் பக்கம் போனால் சட்டம் வேறு. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது: காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றில் இருந்து மூன்று வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம், மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். அதாவது ஒரே பன்றிக்கூட்டம், சாயங்காலம் ஏழு மணிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் அதிகாரத்தில் இருக்கு, எட்டு மணிக்குத் தமிழ்நாட்டு வனத்துறை அதிகாரத்தில் இருக்கு. இந்தப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குப் போன தண்ணியை 2004-ல் கேரளா நிறுத்தியது. தண்ணிக்கு எல்லை இருக்கு, பன்னிக்கு இல்லை.

அமெரிக்காவிலும் காட்டுப்பன்றி உண்டு, டெக்ஸாஸில் அது பெரிய தலைவலி. 2011-ல் ஹெலிகாப்டரில் இருந்து சுடவே சட்டம் போட்டார்கள். காசு கட்டி ஏறிச் சுடலாம், சுற்றுலா மாதிரி. இத்தனைக்குப் பிறகும் பன்றி அப்படியேதான் இருக்கு. இதற்கு நேர்மாறாகச் செய்தது மிசூரி. 2016-ல் அந்த மாநிலத்தின் வனப் பாதுகாப்புத் துறை, தன் நிலங்களில் பொழுதுபோக்குக்காகப் பன்றி சுடுவதையே தடை செய்தது! கேட்கத் தலைகீழா இருக்கு இல்லையா? காரணம் எளிசு. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மிச்சம் பத்தும் சிதறி, நாலு திசையில் போய், உஷாராகி, ராத்திரி மட்டும் நடமாட ஆரம்பிக்கும். அதற்குப் பதிலாக, மாடு அடைக்கிற பட்டி மாதிரி பெரிய கூண்டு வைத்து, பல நாள் தீனி போட்டுப் பழக்கி, கூட்டம் மொத்தமும் உள்ளே வந்த பிறகு கதவைப் போடுகிறார்கள். அதுவரைக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. இது பொறுமை வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு, தினமும் போய்ப் பார்த்து, கணக்கு எழுதி வைக்கிறவன் செய்கிற வேலை. முகநூலில் படம் போடுவதற்காகப் போகிறவன் செய்கிற வேலை இல்லை.

நம்ம ஊரில் இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. ஒரு பன்றிக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று ஒரு சன்மானக் கணக்கு. தோட்டா காசு, வண்டி காசு, ராத்திரித் தூக்கம், குண்டு தப்பிப் போனால் வருகிற கேஸ், எல்லாம் அதில் அடக்கமாம். எவன் வருவான்? வராததால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். கொக்கி போட்டு லைனில் இருந்து கம்பி இழுக்கிறான். 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரையில் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் ரெண்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள். 2025 ஜூனில் நிலம்பூர் வழிக்கடவில் பதினைந்து வயசுப் பையன் செத்தான், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. பன்றிக்கு வைத்த கம்பிக்குத் தமிழ் மலையாளம் தெரியாது, மனுஷன் மிருகம் தெரியாது. நம்ம விளைகளிலும் கம்பி இருக்கு. யார் வைத்தது என்று ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை, நாளைக்கு நம்ம பிள்ளை டியூஷன் முடிந்து குறுக்கு வழியில் வரும்வரைக்கும்.

2025 அக்டோபரில் கேரளச் சட்டசபை வனவிலங்குச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா நிறைவேற்றியது, பன்றி மாதிரி மிருகங்களைத் தொல்லை விலங்கு என்று மாநிலமே அறிவிக்க வழி செய்து. மத்தியச் சட்டத்தில் கை வைப்பதால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணும். இதை வைத்து மேடை மேடையாக முழங்குகிறார்கள். ஒப்புதல் கிடைத்து அறிவித்தே விட்டதாக வைத்துக்கொள்வோம். அப்புறம்? சுடப் போவது யார்? அதே கண்புரை ஆபரேஷன் தாத்தாவா, இல்லை அமெரிக்கப் பெட்டியோடு நீயா? சட்டத்தைத் தளர்த்தணும் என்று கத்துகிற ஒரு ஆளாவது, ஆளைப் பழக்கணும் என்று சொன்னானா? எனக்குக் கயோட்டி சுட லைசென்ஸ் கொடுக்கும் முன்னால் டெக்ஸாஸ் என்னை உட்காரவைத்துப் பாடம் படிக்க வைத்தது. மைல் கணக்கில் ஆளில்லாத பொட்டல் நிலம் இருக்கிற டெக்ஸாஸ்! கூப்பிடு தூரத்தில் நாலு வீடு இருக்கிற நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை.

2025 டிசம்பரில் புதுப் பஞ்சாயத்துகள் வந்தாச்சு. ஓட்டு கேட்டு உங்க திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள்தான். பெட்டி கேட்டு எனக்குப் போன் பண்ணுகிற காசில் அவர்களுக்குப் பண்ணு. சுடுகிறவர் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கு, கடைசியா எப்போ அவர்கள் குறி பார்த்துச் சுட்டதை யாராவது பரிசோதித்தார்கள் என்று கேளு. பட்டிக் கூண்டு ஒன்று செய்யப் பஞ்சாயத்துத் திட்டப் பணத்தில் எவ்வளவு வைத்தார்கள் என்று கேளு. கூண்டுக்குத் தினமும் தீனி போட்டுப் பார்க்க ரெண்டு பேருக்கு மாசச் சம்பளம் கொடுக்க முடியுமா, தேர்தல் சமயத்தில் பட்டியலில் இருப்பவர்கள் துப்பாக்கிக்கு விலக்கு வாங்க முடியுமா என்று கேளு. முக்கியமா, பளுகல் பக்கமும் ஆறுகாணி பக்கமும் இருக்கிற தமிழ்நாட்டு வனத்துறைக்காரர்களோடு ஒரே நாள், ஒரே கூட்டத்துக்குக் கூண்டு வைக்க இவர்கள் ஒரு தடவையாவது பேசியிருக்கிறார்களா என்று கேளு. கம்பி இழுத்தவன் பெயரையும் கையோடு கொடுத்துவிடு, சொந்தக்காரனாக இருந்தாலும்.

மனுவை எழுதி அனுப்பும்போது எனக்கு ஒரு நகல் போடு. மலையாளத்தில் எழுதினாலும் பரவாயில்லை, பத்தாங்கிளாஸ் வரைக்கும் அதில்தான் படித்தேன்.